நிலவறைச் சுவரும் வாசல் கண்ணாடியும்

பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். வாருங்கள். சாந்துக்கு என்ன விகிதம், பூச்சை எத்தனை நாள் நனைக்க வேண்டும் என்று கேட்டு எனக்குப் போன் போடாதீர்கள். அதற்குப் புத்தகம் இருக்கிறது; உங்கள் கையில் இருக்கும் செல்போனும் சொல்லும். உச்சிப்புளியில் ஓய்வாக உட்கார்ந்துவிட்ட ஒரு பெண் இன்ஜினியரிடம் கேட்க வேறு விஷயங்கள் இருக்கின்றன. இன்றைக்கும் தலைக்கு மேல் கடற்படை ஹெலிகாப்டர் போனால் என் கை தானாகப் போய்ச் சுவரைத் தொட்டு அதிர்வு பார்க்கும். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துச் சிரிப்பார். சிரிக்கட்டும், அவர் பாங்கில் வேலை பார்த்தவர்.

சுவர் பேசினால் என்ன செய்ய வேண்டும் என்று உங்களில் ஒரு பெண் போன வாரம் விளையாட்டாகக் கேட்டாள். அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். விளையாட்டாகக் கேட்ட எல்லோருக்கும் ஒரு நாள் அது வினையாக வரும்.

திருப்பாலைக்குடிக்குச் சற்றுத் தெற்கே, அலைச் சத்தம் கேட்கும் தூரத்தில் ஒரு பெரிய வீடு. வயலும் பனந்தோப்பும் வைத்து வாழ்ந்த குடும்பம். வீடு முழுக்கக் கடலுக்குள் வெட்டியெடுத்த பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்பும். இப்போது அந்தக் கல்லை எடுத்தால் ஜெயில். அந்தக் காலத்தில் படகு படகாகக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள். பின்கட்டிலிருந்து கல்படி இறங்கினால் ஒரு நிலவறை. கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தும் அதில் கொட்டிவைத்த நெல் ஒருபோதும் முளைவிட்டதில்லை என்று சொல்வார்கள். ஆச்சரியம் ஒன்றும் இல்லை. மண்ணிலிருந்து ஏறுகிற ஈரத்தைச் சுண்ணாம்புச் சுவர் வாங்கி வெளியே விட்டுவிடும்.

அந்த வீட்டில் அண்ணன் தம்பி இருவர். அண்ணன் சேதுராமன் துபாயிலிருந்து திரும்பி வந்தவர். தீர்த்த யாத்திரை வருகிறவர்களுக்கு வாடகை அறைகள் விடலாம் என்று திட்டம் போட்டு, நிலவறையையும் அறையாக்க நினைத்தார். பழைய பூச்சைக் கொத்தி எறிந்துவிட்டு, கனமாகச் சிமெண்ட் பூசி, மேலே தண்ணீர் இறங்காத பெயிண்டும் அடித்து, தரைக்கு டைல்ஸ் போட்டுவிட்டார். நல்லெண்ணத்தில்தான் செய்தார். ஆனால் வேர்த்து நிற்கிறவனுக்கு ரெயின்கோட்டை மாட்டி வெயிலில் நிறுத்தியது போல ஆகிவிட்டது. ஈரம் போக வழியில்லாமல் உள்ளேயே நின்று, உப்பைக் கல்லுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது.

தம்பி படகு இன்ஜின் மெக்கானிக். ஓடும்போது பார்த்தால்தான் கோளாறு தெரியும் என்று ஒருநாள் ஒரு படகில் ஏறிப் போனார். படகும் வரவில்லை, போனவர்களும் வரவில்லை, ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. அவர் மனைவி காளீஸ்வரி அந்த வீட்டில்தான் இருந்தாள். நாற்பதைத் தாண்டாத வயது. கழுத்தில் தாலி, நெற்றியில் குங்குமம்.

சேதுராமன்தான் எனக்குப் போன் செய்தார்.

"மேடம், கீழ் ரூம்ல சுவரு வேர்க்குது. பெயிண்ட் கொப்புளம் கொப்புளமா எந்திரிக்குது. அதோட…"

"அதோட?"

"ஒண்ணுமில்ல மேடம். நேர்ல வந்து பாருங்க."

வீட்டுக்காரர்கள் சொல்லும் இந்த "ஒண்ணுமில்ல" என்ற வார்த்தையைக் கவனித்துக்கொள்ளுங்கள். நம்மைக் கூப்பிட்டதற்கு உண்மையான காரணம் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும்.

என்னோடு சிவராசா வந்தான். மண்டபம் அகதிகள் முகாமில் இருக்கும் கொத்தனார். சிறு வயதில் இலங்கையிலிருந்து படகில் வந்தவன். ஏறியவர்களில் சிலர் கரை சேரவில்லை என்று ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறான். சுண்ணாம்பு வேலையில் சுத்தமான கை. பேச்சும் குறைவு, அதனால் எனக்கு ஒத்துப்போகும்.

நிலவறைக்குள் இறங்கியதும் முதலில் பட்டது குளிர்ச்சி. வெளியே ஆனி வெயில் கொளுத்துகிறது, உள்ளே கிணற்றுக்குள் நிற்பது போல இருந்தது. டார்ச் அடித்தேன். கடல் பக்கச் சுவர் நடுவில் வயிறு தள்ளியிருந்தது. பெயிண்ட் உரிந்த இடங்களில் உப்பு மெல்லிய நரைமுடியாக நீண்டு, நாங்கள் மூச்சுவிட்டால் அசைந்தது. சுவர் ஓரமாக ஒரு அகல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் எண்ணெய்க் கறை படிந்த ஸ்பேனர் ஒன்று, துடைத்து, பொட்டு வைத்து.

பூச்சு உள்ளே பிடித்திருக்கிறதா என்று பார்க்க நாம் சுத்தியலின் காம்பால் தட்டிக் கேட்போம். பிடிப்பு இருந்தால் கனத்த சத்தம், விட்டிருந்தால் பானையைத் தட்டிய சத்தம். நானும் தட்டினேன். கீழே பானைச் சத்தம். நடுவிலும் பானைச் சத்தம். இன்னும் கொஞ்சம் தள்ளித் தட்டிவிட்டுக் கையை எடுத்தேன்.

உள்ளேயிருந்து ஒரு தட்டு வந்தது.

எதிரொலி என்றுதான் முதலில் நினைத்தேன். சும்மா நின்றேன். டிக். சற்று இடைவெளி. டிக், டிக். சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் மண், தோட்டத்து மண். அங்கே யாரும் நிற்க முடியாது.

திரும்பிப் பார்த்தால் சிவராசா மேல்படியில் நிற்கிறான். எப்போது ஏறினான் என்றே தெரியவில்லை.

"அக்கா, வெளியில வாங்கோ. உள்ளுக்கு ஆரோ நிக்கினம்."

"கல்லு நெரியுற சத்தம் சிவராசா."

"இருக்கலாம். ஆனா நான் இனி இறங்கமாட்டன்."

நான் அவனோடு வாதாடவில்லை. இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வேலையாள் இறங்கமாட்டேன் என்றால், அவன் சொல்லும் காரணம் உங்களுக்குச் சிரிப்பாக இருந்தாலும், அவனை இறக்காதீர்கள். பேய் என்பான், கனவு கண்டேன் என்பான், காக்கா வலமிருந்து இடம் போனது என்பான். அவன் உடம்புக்கு ஏதோ தெரிந்திருக்கிறது; வாய்க்குக் கிடைத்த வார்த்தையில் சொல்கிறான். நானும் மேலே வந்துவிட்டேன்.

பின்கட்டில் காளீஸ்வரி நின்றிருந்தாள். சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து கேட்டாள்.

"கேட்டுச்சா மேடம்?"

"கேட்டுச்சும்மா."

அவள் முகம் அப்படியே மலர்ந்தது. அதுவரை அந்த வீட்டில் யாரும் கேட்டதாக ஒப்புக்கொண்டதில்லை போலிருக்கிறது.

"அவுக வீட்டுக்கு வந்தா வாய்விட்டுக் கூப்புடமாட்டாக. கையில இருக்குற ஸ்பேனரால கதவத் தட்டுவாக. எத்தன வேலையா இருந்தாலும் நாந்தான் போயித் தொறக்கணும்."

"அது வேறம்மா. அந்தக் கல்லு உப்பு ஊறி நொறுங்குது. சிமெண்ட்டு அத விடமாட்டாம இறுக்கிப் புடிச்சிருக்கு. அந்தச் சத்தம்தான்."

"அமாவாசைக்கு அமாவாசை கூடுதலா கேக்குதே மேடம். கல்லுக்கு அமாவாசை தெரியுமா?"

"தெரியும்" என்றேன். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் கடல் ஏறும், கடலோரத்தில் மண்ணுக்குள் தண்ணீரும் ஏறும், அப்போது சுவரை அதிகமாகத் தள்ளும் என்று விளக்கினேன். படித்த பெண் போலத்தான் தலையாட்டிக் கேட்டாள்.

"தண்ணிதான் தள்ளுதா?"

"ஆமா."

"தண்ணியிலதான மேடம் அவுக போனாக."

நான் காலிச் சொம்பை நீட்டினேன். அவள் சொம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

சேதுராமன் என்னைத் தனியாகக் கூட்டிப்போய்ச் சொன்னார். உடல் கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பைப் புல்லில் உருவம் செய்து, அதற்குக் காரியம் செய்து, கடலில் கரைப்பார்கள். ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரத்தில் தம்பிக்கு அதைச் செய்துவிடலாம் என்று குடும்பத்தில் பேசி முடித்திருந்தார்கள். காளீஸ்வரி மாட்டேன் என்கிறாள்.

"உசுரோட கதவத் தட்டிக்கிட்டு இருக்கவருக்குத் திதி குடுப்பியளான்னு கேக்குறா மேடம். நான் என்னத்தச் சொல்ல? எந்நேரமும் கீழயே கெடக்கா. சாப்புடுறதுகூட அங்கனதான். நீங்க அந்தச் சத்தத்த நிறுத்திக் குடுங்க, அது போதும்."

எனக்கு வந்த வேலை அப்படித்தான் வந்தது. சுவரைச் சரியாகப் பழுதுபார்த்தால் சத்தம் நிற்கும். சத்தம் நின்றால் அவள் புருஷன் நின்றுவிடுவார். சாந்து எது சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஆனாலும் மனசு சங்கடப்பட்டது.

அடிப்பக்கத்தில் ஒரு கை நுழையும் அளவுக்கு மட்டும் சிமெண்ட்டைக் கொத்திப் பார்த்தேன். உள்ளே கல் இல்லை. ஈரச் சர்க்கரை மாதிரி பொடிதான் இருந்தது. துவாரத்திலிருந்து உப்பு வாடையோடு குளிர்ந்த காற்று என் மணிக்கட்டில் பட்டது, நின்றது, மறுபடி பட்டது. கையை எடுத்துவிட்டேன். சுவரை நிறுத்திவைத்திருந்தது வெளியே தெரிந்த சிமெண்ட் ஓடு மட்டும்தான். கல்லைவிடக் கெட்டியான சாந்தைப் பூசினால் வருவது இது. கல் செத்துப்போகும், பூச்சு மட்டும் கம்பீரமாக நிற்கும்.

விரிசல்களின் குறுக்கே கண்ணாடிச் சில்லு ஒட்டினேன். புதியவர்களுக்காகச் சொல்கிறேன்: மெல்லிய கண்ணாடித் துண்டை விரிசலின் இரு பக்கமும் பிடிக்கும்படி ஒட்டிவைத்தால், சுவர் கொஞ்சம் அசைந்தாலும் அது உடைந்துவிடும். நிலவறையில் சில, மேல்தளத்தில் சில, தெருவாசல் நிலைக்கு மேலே இருந்த பழைய விரிசலில் ஒன்று. சவுக்குக் கம்பங்கள் வந்து முட்டுக்கொடுக்கும்வரை யாரும் கீழே இறங்கக் கூடாது என்று சொல்லி, நிலவறைக் கதவைப் பூட்டச் செய்து, சாவியைச் சேதுராமனிடம் கொடுத்தேன்.

ஒரு வீட்டில் சாவி ஒன்றுதான் இருக்கும் என்று எந்த மடையன் சொன்னான்.

கம்பம் ஏற்றிய வண்டி ஆடி அமாவாசை அன்றுதான் வந்தது. அன்றைக்கு எந்தக் கூலியாளும் வேலைக்கு வரமாட்டான். இறக்கி அடுக்கிவைத்தால் போதும் என்று நானும் சிவராசாவும் மட்டும் போனோம். சேதுராமன் குடும்பத்தோடு விடிவதற்குள் ராமேஸ்வரம் போய்விட்டிருந்தார். தர்ப்பை உருவமும் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். தெருவாசல் உள்ளே தாழ் போட்டிருந்தது. நாங்கள் தோட்டத்து வழியாகப் பின்கட்டுக்கு வந்தோம். உச்சி வெயில். காக்கைகளுக்குப் படைத்த சோறு மதில்மேல் அப்படியே இருந்தது, ஒரு காக்கையும் தொடவில்லை.

நிலவறைக் கதவு திறந்திருந்தது.

கீழேயிருந்து இரண்டு விதமான சத்தம் வந்தது. ஒன்று எனக்குத் தெரிந்தது, டிக், டிக் என்று இப்போது விடாமல். இன்னொன்று இரும்பு படும் சத்தம். படியில் இறங்கிப் பார்த்தேன். காளீஸ்வரி சுவரில் காது வைத்து உட்கார்ந்திருந்தாள். சுவர் தட்டினால் அவள் ஸ்பேனரால் பதிலுக்குத் தட்டினாள். புதுப் புடவை, தலை நிறையப் பூ. காரியத்துக்குப் போகாதவள் கல்யாணத்துக்குப் போவது போல உடுத்தியிருந்தாள்.

டார்ச்சைச் சுவரில் அடித்தேன். வயிறு இன்னும் தள்ளியிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண்ணாடிச் சில்லு ஒன்று 'கிணிங்' என்று உடைந்து டைல்ஸில் விழுந்தது. மற்றவை ஏற்கனவே தரையில் கிடந்தன.

ஓடிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது, அதை மறைத்து என்ன ஆகப் போகிறது. ஆனாலும் இறங்கிப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"காளீஸ்வரி, எந்திரிம்மா. சுவரு விழப்போகுது."

"தெரியும் மேடம். அவுகதான் ஒடைக்கிறாக."

"உன் மேல விழும்மா."

"விழட்டும். பெரிய மச்சானும் வீட்டு ஆளுகளும் என்னைய விட்டுட்டு அங்கன திதி குடுக்கப் போயிட்டாக. அவுகளுக்கு இன்னிக்குத்தான் காது கேக்காமப் போகணுமா? பாருங்க, எங்க வீட்டுக்காரவுக எம்புட்டு அவசரமாத் தட்டுறாகன்னு."

கையைப் பிடித்தேன். விருட்டென்று உதறி, முதுகை அந்தச் சுவரிலேயே சாய்த்துக்கொண்டாள். சுவருக்குள் மணல் சரிவது போல ஏதோ இறங்கும் சத்தம் கேட்டது. இழுத்தால் திமிறுவாள், திமிறினால் அந்தச் சுவரில்தான் மோதுவாள். அறிவுரை சொல்ல நேரம் இல்லை; சொன்னாலும் என் அறிவெல்லாம் அவளுக்கு அன்றே சொல்லியாகிவிட்டது. அவள் கேட்கக்கூடிய ஒரே பாஷை எது என்று யோசித்தேன்.

"தண்ணி கொண்டாரேன்" என்று சொல்லிவிட்டு மேலே ஏறினேன். சிவராசா தோட்டத்தில் கம்பங்களுக்குப் பக்கத்தில் நின்றான்.

"சந்து வழியா சுத்தி ஓடு. தெருவாசல் கதவத் தட்டு. எதுக்குன்னு கேக்காத."

அவன் சுத்தியலோடு ஓடினான். நான் திரும்பவும் இறங்கினேன். ஏன் இறங்கினேன் என்று பின்னால் பலர் கேட்டார்கள். அவள் தனியாக இருந்தாள், அதனால்தான்.

நான் சரியாக உட்காரக்கூட இல்லை. மேலே கதவு தட்டும் சத்தம் கேட்டது. இரண்டு தட்டு. ஒரு இடைவெளி. ஒரு தட்டு. பெரிய தேக்குக் கதவு, வீடு முழுக்கக் கேட்டது. பயல் என்ன வேகமாக ஓடியிருக்கிறான் என்று எனக்குள் ஒரு நினைப்பு வந்துபோனது.

காளீஸ்வரியின் காது சுவரிலிருந்து விலகியது. அவள் முகத்தில் அப்போது பார்த்ததை என்னால் எழுத முடியாது. "வாரேன்" என்றாள். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, புடவையைத் தூக்கிப் பிடித்து, படிகளில் ஓடினாள். நான் பின்னாலேயே ஓடினேன். பின்கட்டைத் தாண்டும்போது கீழே சுவர் விழுந்தது. இடிச் சத்தமாக இல்லை. நிறைய மூட்டைகளை ஒரே நேரத்தில் இறக்கிப்போட்டது போலத்தான் இருந்தது. அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் ஆள் உயரத்துக்குக் கல்லும் மண்ணும் குவிந்தது என்பது பிறகு தெரிந்தது. வெள்ளைப் புழுதி படியேறி எங்கள் பின்னால் வந்தது.

அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தாழை நீக்கிக் கதவைத் திறந்துவிட்டாள்.

வாசல்படியில் சிவராசா நின்றான். மூச்சு வாங்கிக்கொண்டு, சுத்தியலை ஓங்கிய கையோடு.

அவள் அந்தச் சுத்தியலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்கதானா" என்றாள். அப்படியே நிலையில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். ஒரு உயிரைக் காப்பாற்றியதற்காகச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு அவமானமாக இருந்தது.

மாலையில் சேதுராமன் திரும்பி வந்தார். காரியம் செய்யவில்லை. "அவ இல்லாமச் செய்ய மனசு வல்ல மேடம், சும்மா முழுகிட்டு வந்துட்டோம்" என்றார். நிலவறையை எட்டிப் பார்த்தவர், தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

திரும்பும் வழியில் சிவராசாவிடம் பேச்சுக் கொடுத்தேன். மண்டபம் நெருங்கும்போது சொன்னான்.

"அக்கா, நான் தட்டேல்லை."

"என்ன?"

"கதவைத்தான். சந்தில ஆடு கட்டியிருந்தது, சுத்தி வர நேரம் போயிட்டுது. படியேறிக் கை ஓங்கிறன், தட்ட முதலே கதவு திறந்துட்டுது."

"நான் சத்தம் கேட்டேனேடா."

"நானும் கேட்டனான். சந்துக்குள்ள வரேக்க. வாசலில ஒருத்தரும் இல்லை."

மண்டபத்தில் அவன் இறங்கிக்கொண்டான்.

நான் இன்ஜினியர். இரவெல்லாம் யோசித்து ஒரு காரணம் கண்டுபிடித்தேன். கீழ்ச் சுவர் விழுவதற்கு முன் வீடு முழுவதும் ஒரு முறை குலுங்கியிருக்கும், நிலை அசைந்திருக்கும், கதவு தாழில் அடித்துக்கொண்டிருக்கும். நல்ல காரணம். யாரிடமும் தலைநிமிர்ந்து சொல்லலாம். மறுநாள் முட்டுக்கொடுக்கும் வேலை தொடங்கியதும் முதலில் ஏணி போட்டு வாசல் நிலைக்கு மேல் ஏறிப் பார்த்தேன். வாசல் அசைந்திருந்தால் அங்கே ஒட்டிய கண்ணாடி உடைந்திருக்க வேண்டும்.

கண்ணாடி முழுசாக இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

நான் ஏணியிலிருந்து இறங்கி வேலையைப் பார்த்தேன். வேறு என்ன செய்வது?

விழுந்த கல்லில் நல்லதைப் பொறுக்கி, கெட்டதை ஒதுக்கி, சுண்ணாம்பைத் தொட்டியில் ஊறப்போட்டு, கடுக்காய்த் தண்ணீர் சேர்த்து, ஆற்று மணலில் சாந்து அரைத்துச் சுவரை எழுப்பினோம். சுண்ணாம்பு அவசரப்படாது, நாமும் அவசரப்படுத்தக் கூடாது. சிவராசா தானாகவே வந்து இறங்கினான். காரணம் நான் கேட்கவில்லை. புரட்டாசி போனது, ஐப்பசி மழை போனது, மார்கழியில் சுவர் வெளுத்துக் காய்ந்தது. ஒரு அமாவாசையிலும் தட்டவில்லை.

அந்த மாதங்கள் முழுவதும் காளீஸ்வரி என்னோடு பேசவில்லை. தண்ணீர் வைப்பாள், சோறு வைப்பாள், முகம் பார்க்கமாட்டாள். சுவரும் வாயை மூடிவிட்டது. வாசலில் தட்டியதும் ஏமாற்று என்றாகிவிட்டது. அவளுக்கு இருந்த இரண்டையும் நான் எடுத்துவிட்டேன் என்று அவள் நினைத்தாள். சிவராசா சொன்னதை அவளிடம் சொல்லலாமா என்று தினமும் நினைப்பேன். சொன்னால் இன்னும் இருபது வருஷம் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாளோ என்று பயம். அதனால் வாயைத் திறக்கவில்லை.

வேலையை ஒப்படைக்கும் நாள் சுத்தியலோடு இறங்கி, சுவரை ஓரத்திலிருந்து தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன். கனத்த, நல்ல சத்தம். பாதிச் சுவர் முடிந்தபோது பின்னால் விளக்கு வெளிச்சம் விழுந்தது. காளீஸ்வரி நின்றாள். கையில் ஸ்பேனர்.

"ஒண்ணு கேக்கவா மேடம்?"

"கேளும்மா."

"அவுக தட்டுறது ரெண்டு தட்டி, விட்டு, ஒண்ணு. அத நான் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல, பெரிய மச்சானுக்கும் தெரியாது. உங்களுக்கு ஆரு சொன்னது?"

இதுதான் அந்த வேலையில் எனக்கு வந்த உண்மையான நெருக்கடி. சுவர் விழுந்தது அதற்குப் பக்கத்தில்கூட வராது. "தற்செயலா அமைஞ்சிருச்சும்மா" என்று சொல்லியிருக்கலாம். அதோடு எல்லாம் முடிந்திருக்கும். அவள் கண்ணைப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் துக்கத்துக்கு நான் மேஸ்திரி இல்லை, எந்த இடத்தில் என்ன பூச வேண்டும் என்று தீர்மானிக்க.

"ஒருத்தரும் சொல்லல. சிவராசாவ நான் தட்டச் சொல்லி அனுப்பினது நெசம். ஆனா அவன் தட்டல. அவன் வர்றதுக்குள்ள தட்டிருச்சு. வீடு ஆடித்தான் கதவு அடிச்சிருக்கும்னு நெனச்சேன். வாசலுக்கு மேல நான் ஒட்டுன கண்ணாடி ஒடையல, அதனால வாசல் ஆடல. இதுக்கு மேல எனக்குத் தெரியாதும்மா."

அவள் சுவருக்குப் பக்கத்தில் வந்தாள். பிறகு ஸ்பேனரால் புதுச் சுவரை ஒரே ஒரு முறை, மெதுவாகத் தட்டினாள். காது வைத்துக் கேட்டாள். நானும் மூச்சை அடக்கிக் கேட்டேன். ஒன்றும் இல்லை.

"இங்கன இல்ல" என்றாள், தனக்குள் சொல்வது போல. அப்புறம் என்னைப் பார்த்து, அந்த வீட்டுக்கு நான் போன முதல் நாளுக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள். கண்ணில் நீர் கொட்டியது.

"கூப்புட்டவுக வெளிய வாடின்னுதான மேடம் கூப்புட்டிருக்காக. நான் கூறுகெட்டவ, இம்புட்டு நாளும் உள்ள உக்காந்து தேடிக்கிட்டு இருக்கேன்." விளக்கைக் குனிந்து எடுத்தாள். "தை அமாவாசைக்கு நானும் ராமேஸ்வரம் வாரேன்னு மச்சான்கிட்டச் சொல்லப்போறேன். அவுக காரியத்த நானே நின்னு பாக்குறேன்."

ஸ்பேனரையும் விளக்கையும் எடுத்துக்கொண்டு அவள் படியேறிப் போனாள். மேலே, அவள் தெருவாசலைத் தாழ் நீக்கித் திறந்துவிடும் சத்தம் கேட்டது. வெளிச்சம் படி வரைக்கும் இறங்கியது.

எனக்கு மீதிச் சுவர் பாக்கி இருந்தது. வேலை என்றால் வேலை. முழுவதும் தட்டிப் பார்த்துத்தான் ஒப்படைக்க வேண்டும், நீங்களும் அப்படித்தான் செய்ய வேண்டும். தட்டினேன். எல்லா இடத்திலும் கல்லும் சாந்தும் ஒன்றாகப் பிடித்த சத்தம். கடைசி இடத்தில் தட்டிவிட்டுக் கையை எடுத்தேன், பதில் வருகிறதா என்று காத்திருக்காமல் படியேறிவிட்டேன். கொஞ்சம் வேகமாகத்தான் ஏறினேன்.